முயல் படம் போட்ட பை

எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று லோகநாதன் இன்றைக்குள் முடிவு பண்ணியாக வேண்டும், இன்றைக்கு விட்டால் அப்புறம் எந்தச் சாமானையும் கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான், எடுத்துப்போக வருகிறவர் ரெண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று போனுக்குச் செய்தியும் வந்தாயிற்று, ரெண்டு மணி எப்போதோ அடித்துவிட்டது, இந்த மனுஷன் இதுவரைக்கும் செய்திருக்கிற காரியம் என்னவென்றால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பெட்டிக்குள் சுற்றி வந்த காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை எடுத்து ஒவ்வொரு குமிழாகப் படக் படக்கென்று உடைத்துக்கொண்டிருப்பது. காலையில் தாராபுரத்திலிருந்து பெண்டாட்டி கோகிலா கூப்பிட்டுத் தெளிவாகத்தான் சொன்னாள். “மாமா, பாப்பாவுக்கு நெசமாலுமே எது வேணுமோ அத மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தையெல்லாம் அனுப்பிப்போடுங்க, யோசிச்சுட்டே உக்காந்துக்காதீங்க.” நெசமாலுமே என்று ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அதில்தான் ஆள் மாட்டிக்கொண்டான். சும்மா வேணும் என்றால் சுலபம், எல்லாமே வேணும்தான். நெசமாலுமே வேணும் என்றால் என்ன? அவனுக்கு நெசமாலுமே என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த நிமிஷம் தாராபுரத்தில் இருக்க வேண்டும் என்பான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறவன், இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வாங்கின சாமானை வழியனுப்புவதற்காகக் குழந்தையைப் பார்க்கப் போகாமல் உட்கார்ந்திருக்கிறான். அட கெரகமே என்று சொல்லிக்கொண்டு இன்னொரு குமிழை உடைத்தான்.

தப்பு யாருடையது என்று பார்த்தால் முதல் தப்பு சம்பிரதாயத்துடையது என்றே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கோகிலா முழுகாமல் இருந்தபோது ஒரு சின்னச் சட்டை வாங்கக்கூட அவள் அம்மா தெய்வாத்தாள் விடவில்லை. “பொறக்கறதுக்கு முன்னால பொருள் சேத்தக்கூடாதுங் மாப்ள” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள், அத்தை பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது, அத்தனை மாசமும் அவன் ஒன்றும் வாங்காமல் போனில் பார்த்துப் பார்த்து மனசுக்குள்ளேயே சேர்த்து வைத்தான். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது இந்தப் பக்கத்தில் பிறக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், குழந்தை அஞ்சாம் மாசம்தான் அப்பன் வீட்டுக்கு வரும் என்பதும் தெரிந்த விஷயம், அவனுக்கும் தெரியும், தெரியாமல் இல்லை. ஆனால் பொண்ணு பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அறைக்குள்ளே அத்தை, பெரியத்தை, கோகிலாவின் அக்கா என்று பெண்களாக நிறைந்து, “மாப்ள, நீங்க சித்த வெளிய உக்காருங்க” என்று சொல்லிவிட்டார்கள், வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கை பரபரவென்று இருந்தது, கைக்கு ஏதாவது வேலை வேண்டும், பிறந்துவிட்டாள் அல்லவா, இனித் தடையில்லை அல்லவா, போனை எடுத்தான், மாசக்கணக்கில் மனசுக்குள் கிடந்த அத்தனையையும் அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டான். சாமான் எல்லாம் வந்து இறங்கியது ஒண்டிப்புதூரில், அவன் வீட்டில். குழந்தை இருப்பது தாராபுரத்தில். பிறந்த குழந்தைக்கு என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டிகளாகப் பார்த்து வாங்கியிருக்கிறான், அந்தப் பிறந்த குழந்தை இந்த வாசல்படியை மிதிக்கும்போது குப்புற விழுந்து தலை நிமிர்த்தி ஊரைப் பார்க்கிற குழந்தையாக இருக்கும், இதில் பாதிக்குள் அவள் காலே நுழையாது. கணக்கு போட்டுப் பம்பு சோதிக்கிற மனுஷனுக்கு இந்தச் சின்னக் கணக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. முந்தாநாள் கோகிலாதான் போனில் சொன்னாள், சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள், தையல் வலிக்குது சிரிக்க வெக்காதீங்க மாமா என்று வேறு சொன்னாள்.

அவன் வேலை பார்ப்பது மோட்டார் பம்பு கம்பெனியில், சோதனைப் பிரிவில். ஒவ்வொரு பம்பையும் தொட்டித் தண்ணீரில் இறக்கி, ஓடவிட்டு, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு இறைக்கிறது, எங்காவது ஒழுகுகிறதா, சத்தம் எப்படி என்று பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர், இதுதான் தொழில், இந்தத் தொழில் ஆளை வீட்டிலும் விடுவதில்லை. கல்யாணமான புதுசில் மாமனார் வீட்டில் கொடுத்த மிக்ஸியையே பச்சை ஸ்டிக்கர் ஒட்டித்தான் சமையலறைக்குள் விட்டான். அப்படிப்பட்டவன் கையில் தள்ளுவண்டி கிடைத்தால் சும்மா இருப்பானா, அரிசிச் சிப்பத்தைப் பெல்ட் போட்டு அதில் உட்காரவைத்து, மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வேகமாகத் தள்ளிப் பார்த்தான், கீழ்வீட்டு ராஜாமணி அக்கா வடகம் காயப்போட வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அரிசிக்குக் காத்தாட வெக்கறீங்களாங் தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வண்டி நல்ல வண்டிதான், திருப்பத்தில் சாயவில்லை, பச்சை ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று, ஆனால் ஒண்டிப்புதூரில் இந்த வண்டியை எங்கே தள்ளுவது, தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டின பள்ளம் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, பெரியவர்களே எட்டி எட்டித் தாண்டுகிறார்கள், அதுவுமில்லாமல் ரெண்டு மாடி இறக்கி ஏற்ற வேண்டும், குழந்தையைச் சுமப்பதா வண்டியைச் சுமப்பதா, சரி, வண்டி போகட்டும். கார் சீட் இருக்கிறது, முதுகுக்கும் கழுத்துக்கும் பஞ்சு வைத்துப் பிரமாதமாக இருக்கிறது, எத்தனை வேகத்தில் மோதினாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதாம், எல்லாம் சரி, அவனிடம் கார் கிடையாது. ஸ்கூட்டர்தான். ஆர்டர் போடும்போது அது எப்படி மறந்துபோனது என்று இன்றுவரைக்கும் அவனுக்கு விளங்கவில்லை, ஏதோ குழந்தை பிறந்த கையோடு காரும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டான் போல. அதுவும் போகட்டும். வெளி அறையில் இருந்துகொண்டு உள்ளறைக் குழந்தையைப் பார்க்கிற கேமரா, இந்த வீட்டில் படுக்கையறையில் தும்மினால் சமையலறையில் நூறு வயசு என்று வாழ்த்தலாம், அதுவும் போகட்டும். தானாக ஆடுகிற மின்சாரத் தொட்டில், பாட்டுப் பாடும், சீன தேசத்துப் பாட்டு, நேற்று ஓடவிட்டுப் பார்த்ததில் அவனுக்கே கண்ணைச் சொருகியது, இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய பொருள் என்று தொட்டிலைத் தனியே நகர்த்தி வைத்தான், அப்புறம் கரண்ட் போனால் என்ன செய்வது என்று தோன்றிப் பழைய இடத்துக்கே தள்ளினான், கரண்ட் போகாத நேரத்துக்கு ஆகுமே என்று திரும்ப நகர்த்தினான், இப்படியே மூணு தரம் அந்தத் தொட்டில் ஹாலுக்குள்ளேயே யாத்திரை போய் வந்தது.

இதிலே தாய்ப்பால் எடுக்கிற பம்பு மட்டும் பெட்டிக் கூட்டத்தில் இல்லை, அது போன மாசமே தாராபுரம் போய்விட்டது, அதைப் பற்றி நினைத்தாலே அவனுக்குக் காது சூடாகும். என்ன இருந்தாலும் பம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள், பம்புக்காரன் வீட்டுக்குச் சோதிக்காத பம்பு போகலாமா, டம்ளர் தண்ணீரில் வைத்து இழுத்துப் பார்த்தான், இழுவை நன்றாக இருந்தது, வால்வில் மட்டும் லேசாகக் காற்று ஒழுகியது, கழற்றி ரப்பரைத் திருப்பிப் போட்டான், சரியாகிவிட்டது, பழக்க தோஷத்தில் பச்சை ஸ்டிக்கரையும் ஒட்டி, ஆப்பிள் பையோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். தெய்வாத்தாள் அதை வெளியே எடுத்து, இப்படிப் புரட்டி அப்படிப் புரட்டி, அந்தப் புனல் வாயையும் அமுக்குகிற பிடியையும் பார்த்து, “இது என்னங் மாப்ள, பஸ் ஆரனுங்களா?” என்று கேட்டாள், கேட்டதோடு விடாமல் ஒரு அமுக்கு அமுக்கியும் பார்த்தாள். மாமனார் எழுந்து தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். கோகிலா போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. அவள் அப்படிச் சிரித்தாளே, அது நன்றாக இருந்தது, அந்த வீட்டில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். மத்தபடி அங்கே அவனுக்கு வேலை என்று ஒன்று கிடையாது. போனதும் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள், உட்கார வேண்டும், டீ வரும், குடிக்க வேண்டும், குழந்தை தூங்கினால் தூங்குகிறது என்பார்கள், முழித்தால் பசிக்கிறது என்பார்கள், அழுதால் ஆளுக்கொரு பக்கமிருந்து ஓடி வருவார்கள், நாற்காலியோடு சேர்த்து அவனை அக்கட்ட நகரச் சொல்வார்கள், பொழுது சாய்ந்தால் கிளம்ப வேண்டும். மாத்துத் துணி எடுத்துப்போகிற வழக்கம் கிடையாது. கையில் பையோடு மாமியார் வீட்டுப் படியேறினால் தங்க வந்திருக்கிறான் என்று அர்த்தம், பிரசவம் நடந்த வீட்டில் மாப்பிள்ளை தங்கினால் வீட்டோட மாப்பிள்ளையா என்று ஊர் கேட்கும், அவன் சின்னம்மாவே முதல் ஆளாகக் கேட்கும், அதனால் பழப் பையோடு போய் வெறுங்கையோடு திரும்புவது, இதுதான் மரியாதை. வைப்ஸ் வார்மரின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

வைப்ஸ் வார்மர் என்றால் குழந்தைக்குத் துடைக்கிற ஈரக் காகிதத்தைச் சூடாக்கி வைக்கிற பெட்டி, கோயமுத்தூர் வெயிலில் அந்தக் காகிதத்தை ஜன்னலோரம் வைத்தாலே தானாகச் சூடாகும், இத்தனை சாமானிலும் ஒன்றுக்கும் உதவாதது எது என்று போட்டி வைத்தால் இதற்குத்தான் பரிசு. ஆனால் இதற்கு மட்டும்தான் தமிழில் கையேடு வந்திருந்தது. மெஷினே மொழிபெயர்த்த தமிழ். அதைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை, அவனுக்குக் கையேடு என்றால் உயிர், பம்பு கம்பெனியில் ஆடிட் வருகிறது என்று போன வருஷம் தர விதிமுறைப் புத்தகத்தை உருப்போட்டபோது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிப்பான், கோகிலா வயிற்றைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பாள், ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள், அப்புறம் ஆடிட் முடிந்த பிறகும் தூக்கம் வராத நாளில், “மாமா, அந்தப் புஸ்தகத்த எடுங்க, பம்பு ஷாப்ட் பத்தி வருமே அதப் படிங்க” என்பாள். இந்தக் கையேட்டில் எழுதியிருந்தது, இச்சாதனம் பொம்மை அல்ல, குழந்தையை இச்சாதனத்துக்குள் வைக்க வேண்டாம், இச்சாதனத்தைக் குழந்தைக்குள் வைக்க வேண்டாம். சிரித்துவிட்டான், தனியாகச் சிரிக்கிறோமே என்று நிறுத்தினான். ஈரத் துடைப்பான் ஈரமாக இருக்கும், இது இயல்பு, பயப்படாதீர்கள். அதற்குக் கீழே கறுப்புக் கட்டம் கட்டி, பெற்றோர் அருகில் இல்லாதபோது குழந்தையைத் தனியே விடாதீர்கள். இது என்ன கூத்து, பெற்றோர் இல்லாதபோது எப்படி விடாமல் இருப்பது என்று இதற்கும் சிரிக்கத்தான் போனான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தள்ளுவண்டிப் பெட்டியைப் புரட்டினான், அதிலும் அதே கட்டம், அதே சங்கதி, இங்கிலீஷில். குளிக்கிற தொட்டியில், ஆடுகிற தொட்டிலில், கார் சீட்டில், எல்லாவற்றிலும் ஒட்டி வைத்திருக்கிறான் பாவி, பக்கத்தில் இரு, பக்கத்தில் இரு, பக்கத்தில் இரு. சரிதான், குழந்தை ஒன்றும் அங்கே தனியாக இல்லை, சுற்றி ஏழெட்டுக் கை இருக்கிறது. தனியாக இருக்கிறவன் அவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரக்கூடாது என்றுதான் மத்தியானத்திலிருந்து குமிழை உடைத்துக்கொண்டிருக்கிறான், வந்துவிட்டது. குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், கழுத்தைத் தாங்க வேண்டும் என்று கோகிலா காட்டிக் கொடுத்தபடி தாங்கினான், சரியாகத்தான் தாங்கினான், பாப்பா கண்ணைத் திறந்து அவன் மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே எங்கேயோ பார்த்தாள், பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள், அவ்வளவுதான், மூஞ்சி முழுக்கச் சிவந்துபோய் வீடே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல், உடனே மூன்று பக்கமிருந்து மூன்று ஜோடிக் கை நீண்டது, எந்தக் கையில் கொடுத்தான் என்றுகூட நினைவில்லை, கொடுத்த மறுநொடி அழுகை நின்றது. “பொளுதுக்கும் எங்க கையிலயே இருக்கறாளுங்க, அதான் மொகம் தெரியல, அஞ்சாம் மாசம் அங்க வந்தாப் பழகிக்குவா” என்று தெய்வாத்தாள் சமாதானமாகத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். தன் நெற்றியில் யாரோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்தது, பஸ்ஸில் வரும்போது கையால் நெற்றியைத் தடவிக்கூடப் பார்த்துக்கொண்டான், பைத்தியக்காரன். அப்புறம் அந்தப் பழைய கதை, அவன் அப்பா சொல்கிற கதை, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். அப்பா வடநாட்டு லைனில் லாரி ஓட்டினவர், மாசக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது, ஒருதரம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த லோகநாதன், அப்போது சின்னப் பயல், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அம்மா, ஒறம்பரை வந்திருக்காங்க” என்று கத்தினானாம். ஒறம்பரை என்றால் விருந்தாளி, பெத்த அப்பனைப் பார்த்து விருந்தாளி வந்திருக்கிறார் என்றானாம், பந்தி முழுக்கச் சிரிக்கும், எல்லாரையும்விட அப்பாதான் அதிகமாகச் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இலையில் இருக்கிற உப்பை விரலால் இழுத்து இழுத்துக் கோடு போடுவார். அந்த விரலை அவன் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறான், இன்றைக்குத்தான் அது என்ன என்று புரிகிறது. கடவுளே, அஞ்சாம் மாசம் இந்தப் படியேறி வருகிறவள் என்னைப் பார்த்து அப்படிக் கத்திவிடுவாளோ என்று பயந்தான், நன்றாகவே பயந்தான். அத்தனை சாமானும் இதற்குத்தானா என்று ஹாலைச் சுற்றிப் பார்த்தான், முகம் தெரியாதவன் கைநிறையப் பொருளோடு நின்றால் ஒருவேளை சேர்த்துக்கொள்வாள் என்றுதானா. வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது, கோகிலா, வீடியோவில். படம் வருவதற்கு முன்னால் அழுகைதான் வந்தது, அதே கத்தல், போன ஞாயிற்றுக்கிழமைக் கத்தல். “மாமா, சாயங்காலம் ஆனா இதே பொளப்பாப் போச்சு, ரெண்டு நாளா இந்நேரத்துக்கு வயித்தப் பிடிச்சுட்டுக் கத்தறா, வசம்பு தடவியாச்சு, தோள்ல போட்டாச்சு, அம்மாவும் அக்காவும் மாத்தி மாத்தி நடந்துட்டே இருக்கறாங்க” என்றாள், அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, தலை வாரவில்லை, பின்னால் தெய்வாத்தாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள், ஜோஜோ என்கிறாள், குஞ்சு என்கிறாள், ஒன்றும் எடுபடவில்லை. “நீங்க என்ன பண்ணீங்க, எதெது வெச்சுக்கிட்டீங்க, ஆளு வந்தாச்சா?” வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு அந்த அழுகையில் கை கால் ஓடவில்லை, கையில் இருந்தது கையேடு ஒன்றுதான், “இல்ல கோகி, இந்த வைப்ஸ் வார்மரத்தான் பாத்துட்டிருந்தேன், இதுல என்ன போட்டிருக்கான்னா” என்று ஆரம்பித்து, அழுகைக்கு மேலே கேட்கட்டும் என்று ஆடிட் குரலில் உரக்கப் படித்தான். “சாதனத்தைச் சமதளத்தில் வைக்கவும். மூடியைத் திறக்கவும். நீர் அளவு கோட்டைத் தாண்டக் கூடாது.” கோகிலா எரிச்சலாக ஏதோ சொல்ல வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான். “நிறுத்தாதீங்க, படிங்க” என்றாள். “சாதனத்தைச் சூரிய ஒளியில் வைக்கக் கூடாது. சாதனத்திலிருந்து வழக்கத்துக்கு மாறான வாசனை வந்தால் மின்செருகியை அகற்றவும்.” அழுகை விக்கலாகியது. அவன் நிறுத்திவிட்டுப் பார்த்தான், உடனே கத்தல் கிளம்பியது, படித்தான், அடங்கியது. “அம்மா, இக்கட்ட கொண்டாங்க” என்று கோகிலா கையை நீட்டினாள், போனைத் தலையணையில் சாய்த்தாள், இப்போது திரை முழுக்க அந்தச் சின்ன முகம்தான், கன்னத்தில் கண்ணீர் ஈரம், வாய் பாதி திறந்தபடி, கண் இரண்டும் ஒரே இடத்தில் நின்று, கேட்டுக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை, கேட்டது. “வயித்துக்குள்ள இருந்தே இதத்தான மாமா கேட்டா” என்றாள் கோகிலா, அவளுக்கே குரல் இறங்கிப்போயிற்று, “ஷாப்ட்டு, இம்பெல்லரு, எல்லாம் இவளும்தான் கேட்டிருக்கறா.”

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. படித்துக்கொண்டே எழுந்தான், படித்துக்கொண்டே கதவைத் திறந்தான், வெளியே முதுகில் பெரிய பையோடு நின்றவர், “ரிட்டன் பிக்கப்புங் சார்” என்றார், லோகநாதன் ஒரு கையில் போனும் ஒரு கையில் கையேடுமாக, “குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்” என்று அவரைப் பார்த்துச் சொன்னான். அவர் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே வாருங்கள் என்று புருவத்தால் கூப்பிட்டு, தள்ளுவண்டியைக் காலால் காட்டினான், கார் சீட்டைக் காட்டினான், கேமரா, குளிக்கிற தொட்டி, முயல் படம் போட்ட டயப்பர் பை, எடுத்துக்கொள்ளுங்கள், ஆடுகிற தொட்டிலையும் மோவாயால் காட்டினான், அரைநாளாக முடிவு பண்ண முடியாமல் உட்கார்ந்திருந்த மனுஷன் அரை நிமிஷத்தில் வீட்டையே காலி பண்ணிவிட்டான், வாய் மட்டும் நிற்கவில்லை, “பழுது ஏற்பட்டால் நீங்களே திறக்காதீர்கள், தகுதி பெற்றவரை அணுகவும்.” அவர் ஒவ்வொரு பெட்டியாகப் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தவர் தள்ளுவண்டியின் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்து, “இது கம்பெனி ஒட்டுனதுங்களா?” என்று கேட்டார், ஆமாம் என்று தலையாட்டினான், பொய்யில்லை, பம்பு கம்பெனியும் ஒரு கம்பெனிதான். வைப்ஸ் வார்மர் பெட்டிக்கு வந்ததும் உள்ளே கையை விட்டுத் துழாவினார். “சார், இதோட மேனுவல் இல்லீங்களே, மேனுவல் இல்லாம எடுக்க மாட்டாங்க” என்றவர் நிமிர்ந்து அவன் கையைப் பார்த்துவிட்டார். “அதுதானுங்களே?” என்று கையை நீட்டினார். லோகநாதன் கையேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான், இந்த வீட்டில் எதற்கும் அவன் இப்படிப் பிடிவாதமாக நின்றதில்லை, தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினான். “அப்ப இது மட்டும் வெச்சுக்கறீங்களா? இது எதுக்குங் சார்?” போனில் இருந்த முகம் கொட்டாவி விட்டது, இமை ரெண்டும் ஒட்டிக்கொண்டன. “புள்ளையத் தூங்க வெக்கறதுக்குங்க” என்று ரகசியமாகச் சொன்னான். பெட்டியின் மேலே போட்டிருந்த ஈரக் காகிதப் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் அதைத் தள்ளி வைத்தார்.

திரையில் இப்போது தெய்வாத்தாள் முகம் வந்தது, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல், “மாப்ள, தூங்கிட்டா, அது என்ன மந்திரமுங்க அது, எங்க மூணு பேர்த்துக்கும் அடங்காதவ” என்றாள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், ஊர், சின்னம்மா, வீட்டோட மாப்பிள்ளை எல்லாம் வரிசையாக வந்து நின்றிருக்கும். “அத்த, நான் அங்க வர்றனுங்க” என்றான். “லீவு நெம்ப சேந்து கெடக்குதுங்க, நாளைக்கிப் போட்டர்றேன். சாயங்காலம் சாயங்காலம் நானே படிச்சுத் தூங்க வெக்கறனுங்க.”  ஒறம்பரையாக வருகிறவன் திடீரென்று தங்குகிறேன் என்றால் அவள்தான் என்ன செய்வாள், கேட்டது தப்போ என்று நினைத்தான். கோகிலா போனுக்கு வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “வந்துபோட்டுப் பொளுதோட கெளம்பறேன்னு நிக்கக்கூடாது” என்றாள் தெய்வாத்தாள் கடைசியில், அதட்டுகிற மாதிரிதான் சொன்னாள், “மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க. ராத்திரிக்கு ராகிக் களிதானுங்க, பரவால்லீங்களா?” பரவாயில்லை என்று போனுக்கு முன்னால் தலையைத் தலையை ஆட்டினான். போனை வைத்த பிறகு மாத்துத் துணி எடுக்க ஓடினால், பெரிய பை கோகிலாவோடு தாராபுரம் போய்விட்டது, சின்னப் பை ஜிப் போனது, மாமியார் வீட்டுக்குத் தங்கப் போகிற மாப்பிள்ளைக்கு வீட்டில் ஒரு பை இல்லை. வாசலுக்குப் பாய்ந்தான், சாமான் எடுக்க வந்தவர் பாதிப் படி இறங்கியிருந்தார், “ஏனுங்க, நில்லுங்க, அந்த டயப்பர் பைய மட்டும் குடுத்துருங்க!” அவர் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறி வந்து கொடுத்தார். ரோஸ் கலர், முன்பக்கம் காதைத் தூக்கிக்கொண்டு ஒரு முயல், உள்ளே எதற்கெதற்கோ தனித்தனி அறை, டயப்பர் வைக்கிற இடத்தில் சட்டைகள் சரியாக உட்கார்ந்தன, பால் பாட்டில் வைக்கிற இடத்தில் பேஸ்டும் பிரஷ்ஷும், பவுடர் டப்பாவுக்கான பையில் சவர செட்டு, முயலுக்குப் பின்னால் இருக்கிற ஜிப்புக்குள் கையேடு. மெயின் ரோட்டுக்குப் போய்த் தாராபுரம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டான், முயல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது, அவனுக்கு வெட்கமே வரவில்லை. பல்லடம் தாண்டும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் பையைக் குனிந்து பார்த்து, “குழந்தைக்குங்களா தம்பி?” என்று விசாரித்தார்.

“இல்லீங்க” என்றான் லோகநாதன், “எனக்குத்தானுங்க.”